தடைச் சட்டத்திலிருந்து மரபுரிமைப் பதிவேடு வரை: ஸ்காட்லாந்தின் கில்ட், டார்டன் உடை குறித்த வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்தின் தேசிய உடையாக இன்று அறியப்படும் கில்ட்டும், அதன் கட்டத்துணியாகிய டார்டனும் தொன்மையான மரபா, பிற்காலப் புனைவா என்ற வினாவே கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆய்வுலகில் முதன்மை பெற்று வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வினாவினின்று சற்று விலகி, அவ்வுடையை அணியும் உரிமை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை ஆராய்கிறது. 1746ஆம் ஆண்டின் தடைச் சட்டம், அது படைவீரருக்கு அளித்த விலக்கு, ஆலை வணிகம், 1822ஆம் ஆண்டின் அரச வருகை ஆகியவற்றின் வழியே, கேலிக் மொழி பேசிய மேட்டுநில மக்களின் அன்றாட உடை, அம்மக்கள் தம் நிலத்தை இழந்துகொண்டிருந்த அதே காலத்தில் தேசம் முழுமைக்குமான சின்னமாக்கப்பட்டது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்காட்லாந்து, கில்ட், டார்டன், மேட்டுநிலம், உடைத் தடைச் சட்டம், மரபுப் புனைவு, கேலிக்.

முன்னுரை

1983இல் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் பதிப்பித்த ‘மரபின் புனைவு’ என்னும் கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. அதில் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிய கட்டுரை, ஸ்காட்லாந்தின் மேட்டுநில மரபு முழுவதும் பின்னோக்கிக் கற்பிக்கப்பட்ட ஒன்று என்றது. இன்றைய வடிவிலான கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயத் தொழிலதிபரால் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தனி டார்டன் என்ற வழக்கம் அதற்கும் பிற்பட்டது என்பன அவருடைய முடிபுகள். சமூக அறிவியல் துறைகளில் இக்கட்டுரை பெற்ற செல்வாக்கு பெரிது. ‘மரபு’ என்று எதைச் சொன்னாலும் அது புனைவே என்று காட்டுவதற்கு எடுத்தாளப்படும் முதற்சான்றாகவே கில்ட் ஆகிவிட்டது.

ட்ரெவர்-ரோப்பரின் தரவுகளிற் பெரும்பகுதி இன்றும் நிலைபெறுகிறது. எனினும், ஒரு மரபு பிற்காலத்தது என்று நிறுவிவிட்டால் அதன் வரலாறு முடிந்துவிடுவதில்லை. யார் புனைந்தனர், எவருடைய பொருளைக் கொண்டு புனைந்தனர், அப்பொருளை முன்பு கைக்கொண்டிருந்தோர் அப்போது என்ன ஆயினர் என்ற வினாக்கள் எஞ்சுகின்றன. அவற்றுக்கு விடை தேடும்போது, கில்ட்டின் வரலாற்றில் நடுநாயகமாக நிற்பது 1822ஆம் ஆண்டின் அரச விழா அன்று. அதற்கு எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நிறைவேறிய ஒரு தண்டனைச் சட்டமே ஆகும்.

தடைக்கு முந்தைய உடை

ஸ்காட்லாந்து நிலவியல் அடிப்படையிலும் மொழி அடிப்படையிலும் இரு பகுதிகளாக விளங்கியது. தெற்கிலும் கிழக்கிலும் அமைந்த தாழ்நிலத்தில் ஸ்காட்ஸ் மொழி வழங்கிற்று. எடின்பரோ, கிளாஸ்கோ முதலிய நகரங்கள் அங்கேயே உள்ளன. வடக்கும் மேற்கும் ஆகிய மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் கேலிக் மொழி பேசிய மக்கள் குலத்தலைவர்களின் கீழ் வாழ்ந்தனர். தாழ்நிலத்தார் பார்வையில் மேட்டுநிலத்தார் கால்நடைக் கள்வராகவும் நாகரிகமற்றோராகவும் தோன்றினர். கில்ட் இம்மேட்டுநிலத்துக்கே உரியது. இன்று அதனை அணிவோரின் முன்னோருட் பலர் அதனை இழிவாகக் கருதியவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

டார்டன் என்பது நெசவு முறையால் அமைவது. பாவில் எந்த வரிசையில் வண்ண இழைகள் ஓடுகின்றனவோ அதே வரிசை ஊடையிலும் பின்பற்றப்படும். ஒரே வண்ணம் சந்திக்கும் இடத்தில் தூய நிறமும், வேறு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில் கலப்பு நிறமும் தோன்றும். இரண்டு வண்ண இழைகளால் மூன்று சாயல்களும், ஆறு வண்ண இழைகளால் இருபத்தொரு சாயல்களும் கிடைக்கும். சிக்கனமான மூலப்பொருளால் செழுமையான தோற்றம் தரும் இம்முறை ஓர் இனத்துக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. கம்பளிக் கட்டத்துணி ஸ்காட்லாந்து மண்ணில் மிகப் பழைமையானது. ஃபால்கர்க் நகரில் 1933இல் ரோமானிய வெள்ளி நாணயங்கள் நிறைந்த பானையொன்றில் கிடைத்த, சாயமேற்றாத கம்பளியால் நெய்த கட்டத்துணித் துண்டு கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது. கிளென் ஆஃப்ரிக் பகுதியின் சதுப்புநிலக் கரிமண்ணில் கிடைத்து, 2023இல் டண்டியில் காட்சிக்கு வைக்கப்பட்ட துணி பதினாறாம் நூற்றாண்டினது. பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் ஆகிய சாயங்கள் அதில் இனங்காணப்பட்டன.

இத்துணியை உடுத்திய முறைக்கும் சான்றுகள் உண்டு. 1594இல் அயர்லாந்துக்குக் கூலிப்படையினராகச் சென்ற மேற்குத் தீவு வீரர்கள், மேலாடைக்கு மேல் இடைக்கச்சை கட்டியிருந்தமையால் ஐரிஷ் வீரரினின்று வேறுபட்டுத் தெரிந்தனர் என ஓர் ஐரிஷ் வாழ்க்கை வரலாற்று நூல் பதிவு செய்கிறது. இதுவே கச்சைப் பிளெய்ட் எனப்படும் பெருங்கில்ட் குறித்த தெளிவான முதற்பதிவாகக் கொள்ளப்படுகிறது. குறுந்தறியில் நெய்த இரு துணிகளை நீளவாட்டில் இணைத்துத் தைத்த பெரும்போர்வையைத் தரையில் விரித்து, மடிப்பு வைத்து, அதன்மேல் படுத்து, இடையில் கச்சையை இறுக்கிக்கொண்டு எழுவர். கீழ்ப்பகுதி முழங்கால் வரை மடிப்பாடையாகும். மேற்பகுதி தோளில் செருகப்படும், மழையில் தலைக்கு முக்காடாகும், இரவில் போர்வையாகும். 1582இல் எழுதிய ஜார்ஜ் புக்கானன், மேட்டுநிலத்தார் புதர்ச்செடிகளின் நிறத்தை ஒத்த பழுப்பு வண்ணத்தையே பெரிதும் விரும்பினர் என்றும், வேட்டையிலும் திறந்தவெளியிலும் கண்ணில் படாதிருக்க அது உதவிற்று என்றும் குறித்துள்ளார். மறைந்திருக்க அணிந்த உடை பின்னாளில் தன்னைக் காட்டிக்கொள்ளும் உடையாயிற்று.

வடிவம் குலத்தைக் குறித்ததா? ஸ்கை தீவினரான மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட நூலில், பிளெய்ட்டின் அமைப்பு தீவுக்குத் தீவு வேறுபட்டது என்றும், அதைக் கண்டு ஒருவருடைய வாழிடத்தை ஊகிக்கலாம் என்றும் எழுதினார். ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை இழை என்பதைப் பெண்கள் ஒரு மரக்கோலில் குறித்து வைத்திருந்தனர் என்ற அரிய செய்தியையும் அவரே தருகிறார். ஆகவே வடிவம் வட்டாரத்தையும், அவ்வட்டாரத்தில் கிடைத்த சாயத்தையும், நெய்தவரின் கைப்பழக்கத்தையும் சார்ந்திருந்தது. குலத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இருந்ததாகக் கூற இயலாது. கல்லோடன் போரைச் சித்திரித்த டேவிட் மோரியரின் ஓவியத்தில் முன்னிற்கும் எட்டு மேட்டுநில வீரர்களின் உடலில் இருபதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு டார்டன்கள் காணப்படுகின்றன. அப்போரில் இரு தரப்பிலும் மேட்டுநிலத்தார் நின்றனர்; அவர்களைப் பிரித்தறியத் தொப்பியில் குத்திய நாடாப்பூவே பயன்பட்டது.

இத்துணியின் ஆக்கத்தில் பெண்களின் பங்கு தனி ஆய்வுக்குரியது. கம்பளியைச் சீவி, நூற்று, பாறைகளில் படரும் லைக்கன் முதலியவற்றால் சாயமேற்றியவர்கள் அவர்களே. நெய்த துணியை நனைத்துப் பலகையில் தாள கதியோடு அடித்துத் திண்மையாக்கும் வேளையில் அவர்கள் பாடிய தொழிற்பாடல்கள் கேலிக் வாய்மொழி இலக்கியத்தின் வளமான பகுதியாக விளங்குகின்றன. டார்டன் வரலாறு பற்றிய நூல்கள் குலத்தலைவர்களுக்கு ஒதுக்கிய பக்கங்களோடு ஒப்பிட்டால் இப்பெண்களுக்கு ஒதுக்கியவை மிகச் சில.

குறுங்கில்ட்டின் தோற்றம்

இன்று காணப்படும், இடைக்குக் கீழ் மட்டும் அமைந்த குறுங்கில்ட்டே ட்ரெவர்-ரோப்பரின் வாதத்துக்கு மையம். இவான் பெய்லி என்பாரின் கடிதம் ஒன்று 1785இல் எடின்பரோவிலிருந்து வெளிவந்த இதழில் அச்சாயிற்று. இன்வர்கேரியில் இரும்பு உருக்காலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேய குவேக்கர், மரம் வெட்டவும் உலையில் பணிபுரியவும் பெரும்பிளெய்ட் இடையூறாக இருப்பதைக் கண்டு, அதன் கீழ்ப்பாதியைத் தனியே பிரித்துத் தைக்கச் செய்தார் என்பது அக்கடிதத்தின் செய்தி. ராலின்சனின் தொழில் 1720களின் இறுதியில் தொடங்கியது. பிளெய்ட்டின் கீழ்ப்பாதியை மட்டும் கட்டும் வழக்கம் அதற்கு முன்னரே இருந்தது என வாதிடுவோரும் உள்ளனர்.

இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத சான்று ஒன்று உண்டு. 1746ஆம் ஆண்டின் தடைச் சட்டம், மேட்டுநில உடைக்கே உரிய பகுதிகள் எனப் பிளெய்ட்டையும் கால்சட்டையையும் தோள்கச்சையையும் பட்டியலிடும்போது குறுங்கில்ட்டையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. ராலின்சனே அதனை உருவாக்கினார் என்று ஏற்றுக்கொண்டாலும், இருபது ஆண்டுகளுக்குள் அது பரவி, மேட்டுநிலத்தாரை அடையாளங்காட்டும் உடையென்று நாடாளுமன்றமே கருதும் நிலையை எட்டியிருந்தது. தையலை ஓர் ஆங்கிலேயர் மாற்றியிருக்கலாம். அம்மாற்றத்தை உலைக்களத்திலும் காட்டிலும் உழைத்தோர் தமக்கு ஏற்றதென எடுத்துக்கொண்டதே அதனை அவர்களுடையதாக்கிற்று. புதிய கருவியை ஏற்கும் உழவரின் மரபை எவரும் புனைவு என்பதில்லை; உடைக்கு மட்டும் வேறொரு அளவுகோலை ட்ரெவர்-ரோப்பர் கொண்டது ஏன் என்பது விளங்கவில்லை.

தடையும் விலக்கும்

ஸ்டூவர்ட் அரசமரபை மீட்க முயன்ற யாக்கோபியரின் கடைசிக் கிளர்ச்சி 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடனில் முறியடிக்கப்பட்டது. கிளர்ச்சிப் படையில் தாழ்நிலத்தாரும் இருந்தனர்; அவர்களும் அப்படையின் சீருடைபோல் டார்டன் அணிந்திருந்தனர். அவ்வாண்டே நிறைவேறிய சட்டம் ஆயுதங்களோடு உடையையும் தடை செய்தது. ஸ்காட்லாந்தில் ஆடவரோ சிறுவரோ மேட்டுநில உடையை அணியலாகாது. மேலங்கிகளுக்கு டார்டன் துணியைப் பயன்படுத்தலாகாது. முதற்குற்றத்துக்குப் பிணையில்லாத ஆறு மாதச் சிறை. மறுமுறை செய்தால் கடல் கடந்த தோட்டக் குடியேற்றங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். பெண்களைப் பற்றிச் சட்டம் எதுவும் கூறவில்லை. அரசப் படையின் அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் விலக்கு அளித்தது.

இச்சட்டம் கிளர்ச்சியாளரையும் அரசுக்கு ஆதரவாக நின்றோரையும் வேறுபடுத்தவில்லை. இதன் விளைவைக் கேலிக் கவிஞர்களிடம் காணலாம். டன்கன் பான் மெக்கின்டயர் எழுத்தறியாதவர். வாய்மொழியாகவே பாடல்களை இயற்றியவர். 1746இல் ஃபால்கர்க் போரில் அரசுத் தரப்பில் நின்றவர். அவரே கில்ட்டைப் பறித்துக் கால்சட்டையைத் திணித்த அரசைக் கண்டித்துப் பாடினார். சதர்லேண்ட் பகுதியின் ராப் டான், அரசுக்கு ஆதரவான வட்டாரத்தில் வாழ்ந்தும், கருங்கோட்டு அணியுமாறு விதிக்கப்பட்டதை எதிர்த்துப் பாடல் இயற்றினார். அரசியலால் எதிரெதிர் அணியில் நின்றோரை உடையின் இழப்பு ஒரே மனநிலைக்குக் கொணர்ந்தது. 1822க்கும் வால்டர் ஸ்காட்டுக்கும் முன்னரே, ஆங்கிலம் எழுதாத, அரசவைத் தொடர்பில்லாத கவிஞர்கள் அவ்வுடையைத் தம் மக்களின் அடையாளமாகக் கண்டனர் என்பதற்கு இப்பாடல்கள் நேர்ச்சான்று. ‘மரபின் புனைவு’ கட்டுரையின் பெருங்குறை, இக்கேலிக் சான்றுகளுக்கு உரிய இடம் தராமையே ஆகும்.

தடையைவிட விலக்கே நெடுங்கால விளைவை உண்டாக்கிற்று எனலாம். மேட்டுநிலக் காவலுக்காக 1725இல் அமைந்த தனிக்குழுக்கள் 1739இல் ஒரு படைப்பிரிவாக இணைக்கப்பட்டன. அடர்பச்சை, நீலம், கருமை கொண்ட டார்டன் அணிந்த அப்படைப்பிரிவு ‘பிளாக் வாட்ச்’ எனப் பெயர்பெற்றது. 1757 முதல் பிரிட்டன் தன் பேரரசுப் போர்களுக்கு மேட்டுநிலத்திலிருந்து பெருந்தொகையாக ஆள் சேர்த்தது. சொந்த ஊரில் அணிந்தால் சிறை. மன்னருக்காகப் போரிடச் சென்றால் அதுவே சீருடை. குலத்தலைவர் குடும்பங்களுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. கிளர்ச்சிக்காக 1747இல் தலை துண்டிக்கப்பட்ட லோவட் பிரபுவின் மகன் சைமன் ஃபிரேசர் ஒரு படைப்பிரிவைத் திரட்டினார். அது 1759இல் கியூபெக்கில் போரிட்டது. பறிமுதலான குடும்ப நிலங்கள் 1774இல் அவருக்குத் திரும்பக் கிடைத்தன.

இவ்வரலாற்றின் ஒரு கண்ணி தமிழ்நிலத்தைத் தொடுகிறது. குரோமார்ட்டி பிரபுவின் மகனாகிய மெக்லியோட் பிரபு ஜான் மெக்கன்ஸி, தந்தையோடு கிளர்ச்சியில் ஈடுபட்டுச் சிறைப்பட்டு, மன்னிப்புப் பெற்று, ஸ்வீடன் நாட்டுப் படையில் பணியாற்றியவர். நாடு திரும்பிய அவர் திரட்டிய 73ஆம் மேட்டுநிலப் படைப்பிரிவு 1780இல் சென்னை வந்திறங்கியது. அதன் இரு குழுக்கள் அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் பெய்லியின் படையோடு சேர்ந்து ஹைதர் அலி, திப்பு ஆகியோரிடம் தோற்றன. அவ்வீரர்கள் விட்டுவந்த ஊர்களில் அன்றும் உடைத் தடை நடைமுறையில் இருந்தது. மெக்லியோட் பிரபுவுக்கு 1784இல் நிலம் மீண்டது. (சென்னைக் கட்டத்துணி இப்படைகளின் டார்டனைப் பார்த்துத் தோன்றியது என்று ஆடை வணிக விளம்பரங்கள் கூறுவதுண்டு. இப்படைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து கட்டமிட்ட பருத்தித் துணிகள் கடல் கடந்து சென்றன. தோற்ற ஒப்புமை ஒன்றே வழிவந்தமைக்குச் சான்றாகாது.)

1778இல் லண்டனில் மேட்டுநிலக் கழகம் தோன்றியது. அதன் முயற்சியால் தடைச் சட்டம் 1782இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு தலைமுறை கால்சட்டையோடு வளர்ந்துவிட்டது. தடை நீங்கியும் சாதாரண மக்கள் பெருமளவில் பழைய உடைக்குத் திரும்பவில்லை. அதனை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டவர்கள் நிலவுடைமையாளரும் நகரத்து மேட்டுக்குடியினருமே.

எண்ணிலிருந்து பெயருக்கு

படைப்பிரிவுகளுக்கு ஆயிரக்கணக்கான கெசம் ஒரே வடிவத் துணி தேவைப்பட்டது. வீட்டுத்தறியால் அது இயலாது. பானக்பர்னில் நிறுவப்பட்ட வில்சன் நிறுவனம் இத்தேவையை நிறைவு செய்து வளர்ந்தது. பானக்பர்ன் தாழ்நிலத்தில் உள்ளது; தடை முழுமையாகச் செயற்பட்ட பகுதிக்கு வெளியே டார்டன் நெசவு தொழிலாக நிலைபெற்றது கவனத்துக்குரியது. அந்நிறுவனத்தின் 1819ஆம் ஆண்டு வடிவக் கையேட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட டார்டன்கள் இழை எண்ணிக்கையோடு பதிவாகியுள்ளன. அவற்றுட் பல முதலில் எண்களால் மட்டுமே குறிக்கப்பட்டவை.

பெயர் தேவைப்பட்ட சூழலை மேட்டுநிலக் கழகம் உண்டாக்கிற்று. 1815இல் அது, குலத்தலைவர்கள் தத்தம் குல டார்டனின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொண்டது. தலைவர்கள் சிலருக்குத் தம் டார்டன் எதுவென்றே தெரியவில்லை. மெக்டொனால்ட் பிரபு, தம் குல டார்டன் எதுவெனத் தாம் அறியார் என ஒப்புக்கொண்டு, கழகமே தேடித் தருமாறு வேண்டினார். கேட்டவரிடமே விடையையும் கேட்ட இவ்வேண்டுகோள் குல டார்டன் தொன்மைக்கு எதிரான மிக வலுவான ஆவணம் ஆகும்.

ட்ரெவர்-ரோப்பர் தரும் ஒரு செய்தி இங்கு நின்று நோக்கத்தக்கது. இன்று மெக்ஃபர்சன் எனப் பெயர்பெற்ற டார்டன், வில்சன் நிறுவனத்தில் முதலில் 155 என்னும் எண்ணாக இருந்தது. கிட் என்னும் வணிகர் மேற்கிந்தியத் தீவுகளில் தம் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியமையால் அது ‘கிட்’ எனப் பெயர் மாறியது. பின்னரே மெக்ஃபர்சன் குலத்துக்கு உரியதாயிற்று. ட்ரெவர்-ரோப்பர் இதனை நகைச்சுவையாகவே கையாள்கிறார். குலத்தலைவரின் பெருமிதத்தைக் குலைக்கும் வேடிக்கையாக அது அவருக்குத் தோன்றியது. ஆயின், தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதோர் உடலில் முதலில் ஏறிய துணி அது. ஸ்காட்லாந்தின் கட்டத்துணி வணிகம் படையையும் தோட்ட அடிமை முறையையும் சந்தையாகக் கொண்டிருந்தது என்பதே அச்செய்தியின் கனம். குல டார்டன் திரட்டும் பணியில் முன்னின்ற கர்னல் டேவிட் ஸ்டூவர்ட் பின்னர்ச் செயின்ட் லூசியா தீவின் ஆளுநராகி 1829இல் அங்கேயே இறந்தார்.

1822: விழாவும் வெளியேற்றமும்

1822 ஆகஸ்டு மாதம் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தார். ஆட்சியில் இருக்கும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்துக்கு வந்தது ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதன்முறை. விழாவின் ஏற்பாடு புதின ஆசிரியர் வால்டர் ஸ்காட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. டேவிட் ஸ்டூவர்ட் அவருக்குத் துணைநின்றார். ஸ்காட் எழுதிய வழிகாட்டிச் சிற்றேடு, மேட்டுநில நடன விழாவுக்குச் சீருடை அணியாத கனவான்கள் மேட்டுநில உடையிலேயே வரவேண்டும் என்றது. இதனால் தாழ்நிலக் குடும்பங்கள் தம் வம்சாவளியில் ஒரு மேட்டுநில மூதாதையைத் தேடத் தொடங்கின. மன்னர் தமக்கு ஆயிரத்து முந்நூறு பவுனுக்கு மேற்பட்ட செலவில் மேட்டுநில உடை தைப்பித்தார். இளஞ்சிவப்புக் காலுறைகளோடு கில்ட் அணிந்து வரவேற்பு நிகழ்ச்சியில் தோன்றினார்.

சமகாலத்தோர் எல்லாரும் இதில் மயங்கினர் எனக் கருத வேண்டா. ஸ்காட்டின் மருமகனும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான லாக்ஹார்ட், நாட்டின் மக்கள்தொகையிலும் செல்வத்திலும் சிறுபகுதியான கேலிக் குலங்களை ஸ்காட்லாந்தின் முழுப் பெருமைக்கும் உருவமாக நிறுத்தியது பொருந்தாது என எழுதினார். இந்தியக் கல்வி வரலாற்றில் நன்கறியப்பட்ட மெக்காலே, ஸ்காட்லாந்தியர் பத்துப்பேரில் ஒன்பதுபேர் ஒருகாலத்தில் கள்வரின் உடையென்று கருதியதை அணிந்தே மன்னர் அந்நாட்டுக்கு மரியாதை செய்ய எண்ணினார் எனத் தம் இங்கிலாந்து வரலாற்றில் எள்ளினார்.

இவ்விருவர் எள்ளலிலும் இடம்பெறாத ஒன்று உண்டு. அதே ஆண்டுகளில் மேட்டுநில மக்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகத் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர். சதர்லேண்ட் சீமாட்டியின் நிலங்களில், குறிப்பாக ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், 1814இலும் 1819இலும் பெரும் வெளியேற்றங்கள் நடந்தன; வீடுகளின் கூரைமரங்கள் எரிக்கப்பட்டன. மூன்றாண்டுகளுக்குப் பின் எடின்பரோ விழாவில் சதர்லேண்டின் பெயராலும் ஒரு குழு டார்டன் அணிந்து நின்றது. கிளென்கேரியின் குலத்தலைவர் அலாஸ்டெர் மெக்டொனெல் 1815இல் ‘உண்மை மேட்டுநிலத்தார் சங்கம்’ நிறுவியவர். ரேபர்ன் தீட்டிய அவருடைய முழுவுருவ ஓவியம் குலத்தலைவர் என்ற கற்பனைக்கே இலக்கணமாகிவிட்டது. விழாவில் கில்ட் அணிந்த தாழ்நிலக் கனவான்களைப் போலிகள் எனச் செய்தித்தாளில் கண்டித்தவரும் அவரே. அவருடைய குடும்ப நிலங்களிலிருந்து குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக வெளியேறிக் கனடாவில் கிளென்கேரி என்ற பெயரிலேயே ஊர் அமைத்துக்கொண்டனர். டேவிட் ஸ்டூவர்ட்டின் நிலை சற்றே வேறு. 1822இல் வெளியான தம் நூலில் இவ்வெளியேற்றங்களை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஆண்டில் வெளியேற்றியோரை அணிவகுத்து நிறுத்தும் பணியையும் செய்தார்.

உடையின் அடையாளத்தைத் தலைவர்கள் தம்மிடம் வைத்துக்கொண்டு, குடிகளை நிலத்தினின்று நீக்கினர். குலம் என்பது தலைவருக்கும் குடிகளுக்கும் இடையிலான கடப்பாடு என்ற பழைய பொருள் போய், துணியின் மேல் எழுதிய பெயர் என்ற புதுப்பொருள் வந்தது. குல டார்டன் புனைவென்பது உண்மை. அப்புனைவு குலம் கலைக்கப்பட்ட காலத்தில் எழுந்தமையே வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டியது.

போலிச் சுவடியும் அதன் வாழ்வும்

1842இல் வெளிவந்த ‘வெஸ்டியாரியம் ஸ்காட்டிக்கம்’ இப்பெயரிடலை முழுமையாக்கிற்று. ஸ்டூவர்ட் இளவரசரின் பேரர்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஆலன் சகோதரர்கள், பழங்காலச் சுவடி ஒன்றிலிருந்து எடுத்தவை எனக் கூறி எழுபத்தைந்து டார்டன்களை அதில் வண்ணப் படங்களோடு தந்தனர். மூலச்சுவடியைக் கடைசி வரை எவருக்கும் அவர்கள் காட்டவில்லை. 1829இலேயே ஸ்காட் அதனை நம்ப மறுத்தார். 1847இல் ‘குவார்ட்டர்லி ரிவியூ’ அவர்களின் கூற்றுகளை உடைத்தது. 1980இல் டொனால்ட் ஸ்டூவர்ட்டும் சார்லஸ் தாம்ப்சனும் அந்நூலைப் போலியென விரிவாக நிறுவினர். (ஹிட்லரின் நாட்குறிப்புகள் எனப்பட்ட போலி ஆவணத்தை உண்மையென ட்ரெவர்-ரோப்பர் சான்றளித்ததும், டார்டன் கட்டுரை வெளிவந்ததும் ஒரே ஆண்டு என்பது ஒரு முரண்நகை.) இத்துணை ஆய்வுக்குப் பின்னும், அந்நூல் வழங்கிய வடிவங்கள் பல இன்றும் குலங்களின் ஏற்கப்பட்ட டார்டன்களாகவே தொடர்கின்றன. தாழ்நில, எல்லைப்புறக் குடும்பங்களுக்கும் அந்நூல் டார்டன் வழங்கியமையால், ஸ்காட்லாந்தியர் எவரும் தமக்கெனக் கட்டத்துணி கேட்டு வாங்கும் நிலை உருவாயிற்று. விக்டோரியா அரசியின் பால்மோரல் மாளிகையும், அதற்கெனக் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்த டார்டனும் அச்சந்தைக்கு அரச மதிப்பைச் சேர்த்தன.

கடல் கடந்த அடையாளம்

குடியேறியோர் வழித்தோன்றல்களிடம் இவ்வுடை பெற்ற பொருள் வேறானது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலம் 1950களில் தனக்கென ஓர் அதிகாரமுறை டார்டனை ஏற்றது. அதன் பின்னணியில் சுற்றுலாக் கொள்கையும் அரசியல் தலைமையும் இருந்தமையை வரலாற்றாசிரியர் இயன் மெக்கே காட்டியுள்ளார். அமெரிக்காவில் 1320ஆம் ஆண்டின் ஆர்ப்ரோத் சாசன நாளாகிய ஏப்ரல் 6, டார்டன் நாளாக 1998இல் செனட் தீர்மானத்தால் அறிவிக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலேயே இவ்வடையாளம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. 1970களில் டாம் நெய்ர்ன் போன்ற சிந்தனையாளர்கள், உண்மையான அரசியலுக்கு மாற்றாக நின்ற மலிவுக் காட்சிப்பொருளாக அதனைக் கண்டனர். அதே காலத்தில் கால்பந்து விளையாட்டரங்குகளில் தொழிலாளர் வர்க்க இளைஞர்கள் அதனை மேட்டுக்குடியினரிடமிருந்து தமதாக்கிக்கொண்டனர். ஸ்காட்லாந்தில் வாழும் சீக்கியர்களுக்கும் யூதர்களுக்கும் இன்று தனி டார்டன்கள் உள்ளன. நானூறு ஆண்டுக் குருதித் தொடர்பைக் காட்டவேண்டிய கட்டாயம் அங்கு எவருக்கும் இல்லை என்பது இப்புனைவின் எதிர்பாராத நற்பேறு.

உடை பரவிய அளவுக்கு, அதனை முதலில் உடுத்தியோரின் மொழி பரவவில்லை. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த கேலிக் பேசுவோர் தொகை, 2011இல் ஏறத்தாழ ஐம்பத்தேழாயிரமாகக் குறைந்தது. இருநூறாண்டுகளாக ஸ்காட்லாந்தின் தனித்தன்மையைப் பறைசாற்றிய நிறுவனங்களிற் பெரும்பாலானவை அதனை ஆங்கிலத்திலேயே செய்தன. துணியை ஒரே நாளில் வாங்கலாம். மொழியை அவ்வாறு வாங்க இயலாமை இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். தாய்மொழியாளர் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டமை அதனினும் பெரிய காரணம்.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2008இல் டார்டன் பதிவேட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2009 பிப்ரவரியில் பதிவேடு செயற்படத் தொடங்கியது. மாறி மாறி வரும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வண்ணப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக இணைந்து, திரும்பத் திரும்ப வரும் கட்டங்களாக அமைந்து, நெய்யத்தக்கதாக இருக்கும் வடிவமே டார்டன் என அச்சட்டம் வரையறுக்கிறது. குலமோ, மேட்டுநிலமோ, கேலிக் மொழியோ, கம்பளியோ அவ்வரையறையில் இல்லை. துணி உண்மையில் நெய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் அது கோரவில்லை. 1746ஆம் ஆண்டின் சட்டம் வடிவத்தைப் பொருட்படுத்தாமல், அதனை உடுத்திய உடலையே தேடிச் சென்றது.